ஈரம் காயாத மேடை

தொலைபேசி அலறியது!

ஒரு கையில் பல் துலக்கும் பிரஷ். மறு கையால் போனை எடுத்தாள் பிளோறன்ஸ். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரக் குற்றப்பிரிவுப் பொலிஸில் அவள் கொமிசாரின், விசாரணை அதிகாரி. சனிக்கிழமை காலையில் அவளைத் தேடுகிறவர்கள் இரண்டே வகை. பிணத்தைக் கண்டவர்கள், அல்லது மாப்பிள்ளை பார்த்திருக்கும் சொந்தக்காரர்கள்.

இன்றைக்கு முதல் வகை.

"பிளோறன்ஸ்... நான் பிரபாலினி கதைக்கிறன்."

"சொல்லுங்கோ அக்கா. இண்டைக்கு உங்கட தியேட்டர் திறப்பு எல்லோ? எனக்கு முன் வரிசைதானே?"

"சோதிலிங்கம் அண்ணை மேடைக்குக் கீழ விழுந்து கிடக்கிறார். தலையெல்லாம் ரத்தம்... அசையிறார் இல்லை."

பிரஷ் தரையில் விழுந்தது.

"அம்புலன்ஸுக்குப் போன் அடிச்சாச்சோ?"

"ஓம். வந்துகொண்டிருக்கு."

"மற்றபடி ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ. ஒருத்தரையும் வெளிய விடாதேங்கோ. வாறன்."

லொரேட்டா...

ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில் நிற்கும் பழைய இசை அரங்கம் அது. சுரங்கம் ஓடிய காலத்தில், கரி படிந்த முகங்களைக் கழுவிக்கொண்டு வந்த தொழிலாளர்கள் அங்கே பாட்டும் கோமாளியும் கத்தி வீச்சும் பார்த்துக் கைதட்டினார்கள். சுரங்கம் மூடியது. அரங்கம் சினிமாத் தியேட்டராகியது. பிறகு கம்பளக் கிடங்கு. அதற்கும் பிறகு புறாக்கள்.

புறாக்களை விரட்டியவர்கள் தமிழ்க் கூத்து மன்றத்தார். பஸ் ஓட்டுகிறவர்கள், தாதிகள், கணக்காளர்கள், சமையல்காரர்கள்... வார இறுதிகளில் தூரிகை பிடித்து அந்தக் கட்டிடத்துக்கு உயிர் கொடுத்தார்கள்.

நகரசபை ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தது. இன்று மாலைக்குள் தீயணைப்புப் பரிசோதனை முடிந்து, மக்கள் பார்க்க ஓர் ஆட்டம் மேடையேற வேண்டும். தவறினால் கட்டிடம் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகும். நிறுவனம் அதை இடிக்கும். அந்த இடத்தில் கார்கள் நிறுத்த ஆறு மாடி.

காருக்கு ஆறு மாடி. கலைக்கு ஒரு மாடி கூடாதாம்!

பிளோறன்ஸ் போய் இறங்கியபோது, சோதிலிங்கத்தைத் தூக்குப் படுக்கையில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். மன்றத்தின் தலைவர். இன்று மாலைக் கூத்தில் ராசா வேஷம் அவருக்கு. தலையில் பெரிய கட்டு. கண்கள் மூடியிருந்தன.

ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது!

"உயிர் இருக்கு," என்றாள் பக்கத்தில் நடந்த கமலநாயகி, அவர் மனைவி. குரல் நடுங்கவில்லை. "நினைவு இல்லை. எப்ப வரும் எண்டு சொல்லத் தெரியாதாம்."

"அக்கா, நீங்கள் அவரோட போங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

கமலநாயகி அம்புலன்ஸில் ஒரு காலை வைத்தாள். திரும்பினாள். வாசலில் கூடி நின்ற மன்றத்தாரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆட்டத்தை நிப்பாட்டிப் போடாதேங்கோ. இவர் கண் முழிச்சுக் கேக்கிற முதல் கேள்வி அதாத்தான் இருக்கும். இல்லை எண்டு சொல்ல என்னால ஏலாது."

கதவு சாத்திக்கொண்டது. நீல விளக்கு சுழன்றுகொண்டு போனது.

"அதெப்பிடி..." என்று ஒரு குரல் கம்மியது. ரஜிதன். கூத்தில் மந்திரி வேஷம். முகத்தில் சிவப்பும் மஞ்சளும் பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டி, முழு வேஷத்தில் நின்றான். "அண்ணை ஆஸ்பத்திரியில கிடக்க நாங்கள் இஞ்ச ஆடுறதோ? மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ? அவருக்கு மரியாதையா இண்டைக்கு விடுவம்."

பல தலைகள் ஆடின. பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

"காலமையே வேஷம் கட்டியாச்சோ?" என்றாள் பிளோறன்ஸ்.

"பேப்பர்க்காரர் படம் எடுக்க வாறதெண்டவை. அதுதான் வெள்ளனப் போட்டது. ஆருக்குத் தெரியும் இப்பிடி ஆகும் எண்டு..."

வேஷத்தின் மேல் கண்ணீர் வழிந்தது.

கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்தபடி ஒருவர். மாசி மாதம், வானம் முழுக்க மேகம். ஆனால் மனிதர் போட்டிருந்ததோ கறுப்புக் கண்ணாடி!

"அவர் ஆர்?"

"நிஷாந்தன் அண்ணை. எங்கட செயலாளர்," என்றாள் பிரபாலினி மெல்ல. "முதல்ல இருந்தே எங்களோட சண்டை. இதைக் கல்யாண மண்டபம் ஆக்க வேணும் எண்டு நிண்டவர்."

"ம்."

அந்த 'ம்'மில் அரைவாசி வழக்கு இருந்தது.

பிரபாலினி ஜெர்மனியில் முறைப்படி படித்துச் சான்றிதழ் வாங்கிய மேடைப் பொறுப்பாளர். அவள் ஓம் என்று சொல்லாமல் லொரேட்டாவில் ஒரு விளக்கு எரியாது, ஒரு கயிறு அசையாது. சின்ன வயதில் இருவரும் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம். பிளோறன்ஸுக்கு அவள் அப்போதும் அக்கா, இப்போதும் அக்கா.

இருவரும் மேடையை நெருங்கினார்கள்.

நடுவில் ஒரு சதுரத் துவாரம். அந்தக் காலத்து மந்திரவாதிகள் மறைந்து தோன்றிய வழி. இன்று ராசா அதற்குள்ளிருந்து மேலே எழும்பி வர வேண்டும்.

"அண்ணைக்கு அந்த ஏணியில பயம்," என்றாள் பிரபாலினி. "ஒருத்தருக்கும் தெரியாமல் வந்து ஏறிப் பழகியிருப்பார். மேல தலை தெரியிற நேரம் ஆரோ தள்ளி விட்டிருக்கினம்."

"தவறி விழுந்திருக்கலாமே?"

"அதை நீயே பார். ஆனா மேடைக்கு மேல ஏறாத. பெயின்ட் காயேல்ல."

பிளோறன்ஸ் குனிந்தாள். மேடைப் பலகை முழுவதும் பளபளவென்று கறுப்பு.

"எப்ப அடிச்சது?"

"நேத்துப் பின்னேரம், எல்லாரும் போன பிறகு. நானும் அண்ணையும் மட்டும். விடியக் காஞ்சிடும் எண்டு நினைச்சம். ஹீட்டர் நிண்டு போச்சு. இந்தக் குளிருக்கு எங்க காயிறது?"

"அப்ப பெயின்ட் அடிச்சது மற்ற ஆக்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

பிளோறன்ஸ் டார்ச்சை மேடையோடு ஒட்டிப் பிடித்தாள்.

தெரிந்தன... காலடிகள்!

பக்கப் படியிலிருந்து மேடையின் முன் ஓரத்துக்கு. அங்கிருந்து துவாரத்துக்கு. துவாரத்திலிருந்து நீள நீளமாய், ஓட்டமாய், மறுபடி படிக்கு.

"முன் ஓரத்தில என்ன இருக்கு அக்கா?"

பிரபாலினி போகாமலே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் பல்லைக் கடித்தாள்.

"இரும்புத் திரை. நெருப்புப் பிடிச்சா மேல இருந்து இறங்கி மேடையையும் சனத்தையும் பிரிக்கிறது. அது ஓடுற தண்டவாளத்துக்குள்ள மரக்கட்டை செருகியிருக்கிறான். இறங்கவே இறங்காது. மத்தியானம் ஃபொயர்வேர், தீயணைப்பு ஆக்கள் அதைத்தான் முதல்ல பாக்க வருவினம்."

"திரை இறங்காட்டி?"

"அனுமதி இல்லை. அனுமதி இல்லாட்டி ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாட்டி..."

"கார் நிறுத்த ஆறு மாடி," என்று ஜெர்மனில் முடித்தாள் பிளோறன்ஸ்.

"சரியாகச் சொன்னீர்கள்," என்றது பின்னால் ஒரு ஜெர்மன் குரல்.

இருவரும் திரும்பினார்கள்.

நீண்ட கோட். கையில் கடதாசிக் குவளையில் கோப்பி. காலில் மினுங்கும் சப்பாத்து. நிறுவனத்தின் ஆள், கிறிஸ்ரியன்!

"விபத்து என்று கேள்விப்பட்டேன். மிகவும் வருந்துகிறேன்," என்றான். வருத்தம் வாயோடு நின்றது. "பழைய கட்டிடங்கள் ஆபத்தானவை. நான் பலமுறை எச்சரித்தேன்."

"உங்களை உள்ளே விட்டது யார்?" என்றாள் பிளோறன்ஸ்.

"கதவு திறந்திருந்தது. நாளைக்கு இந்தக் கதவு எங்களுடையது. கொஞ்சம் முன்கூட்டியே நுழைந்துவிட்டேன்."

பிரபாலினி ஓரடி முன்னால் வந்தாள்.

"நாளைக்குத்தானே? இன்றைக்கு இது எங்களுடையது. வெளியே போங்கள்."

"உங்கள் ராசா ஆஸ்பத்திரியில். உங்கள் மேடைக்குப் பொலிஸ் சீல் வைக்கப்போகிறது. யாரை வைத்து ஆடுவீர்கள்? புறாக்களையா?"

சிரித்துக்கொண்டே போனான்.

பிரபாலினியின் முகம் சிவந்தது. "உவன்தான், பிளோறன்ஸ். உவனைப் பிடி. வேற ஆர் செய்யப்போகினம்?"

"உவன் மேடையில ஏறேல்ல அக்கா."

"எப்பிடிச் சொல்றாய்?"

"அடையாளத்தை வடிவாப் பாருங்கோ. சப்பாத்து அடி இல்லை. பின்னல் விழுந்திருக்கு. சப்பாத்தைக் கழட்டின கால், துணி மேஸ் மட்டும் போட்ட கால்."

"அதுக்கு?"

"ஒரு ஆள் இருட்டில ஒளிச்சு வாறான். திரையைக் கெடுக்க வாறான். அப்பிடி வந்தவன், மேடைக்கு ஏற முதல் சப்பாத்தைக் கழட்டி ஓரமா வைச்சிட்டு ஏறியிருக்கிறான். உவன் கிறிஸ்ரியன் கழட்டுவானோ? அவன் கட்டிலுக்கும் சப்பாத்தோடதான் ஏறுவான்."

பிரபாலினி மறுபடி அந்த அடையாளங்களைப் பார்த்தாள்.

"மேடைக்குச் செருப்போட ஏறக்கூடாது எண்டு இந்த ஊரில ஆர் அக்கா நினைக்கிறது?"

"...எங்கட ஆக்கள்."

"எங்கட ஆள்தான்."

"ஏலாது," என்றாள் பிரபாலினி. "வருஷக்கணக்கா எல்லாரும் சேந்து கட்டினது. அண்ணையைத் தள்ளுற அளவுக்கு... எங்கட ஆக்கள் செய்ய மாட்டினம்."

"வாசல் கதவுச் சாவி ஆர் ஆரிட்ட இருக்கு?"

"எல்லாரிட்டயும். எங்கட மன்றத்தைத் தெரியுந்தானே. ஒருத்தருக்குக் குடுத்தா மற்றவருக்குக் கோவம் வரும்."

பிளோறன்ஸின் போன் ஒலித்தது. மேலதிகாரி. ஜெர்மனில் இரண்டு நிமிடம் பேசினாள். பேசி முடித்தபோது முகம் இருண்டிருந்தது.

"மேடையைத் திங்கட்கிழமை வரைக்கும் பூட்டட்டாம்."

"திங்களோ? திங்கள் இந்தச் சுவரை இடிக்கத் துவங்கிடுவாங்கள்."

"ஆளைப் பிடிச்சுக் குடுத்தா மேடையைத் திருப்பித் தரலாம் எண்டும் சொன்னவர். தடயவியல் ஆக்கள் வந்து படம் எடுத்து முடிக்க மத்தியானம் ஆகும். அதுக்குள்ள எனக்கு ஆள் வேணும்."

சொல்லிக்கொண்டே பக்கப் படியருகில் குந்தினாள். டார்ச் வெளிச்சம் மேடை விளிம்பில் நின்றது.

முதலாவது காலடிக்குச் சற்று முன்னால்... ஈரக் கறுப்பில் மூன்று சின்னக் குழிகள். பக்கம் பக்கமாக.

விரல் நுனிகள்!

"அக்கா... கூத்துக்காரர் மேடைக்கு ஏறேக்க என்ன செய்வினம்?"

"செருப்பைக் கழட்டுவினம்."

"பிறகு?"

"குனிஞ்சு மேடையைத் தொட்டு..."

பிரபாலினி பாதியில் நின்றாள். அவளுடைய வலது கை தன்பாட்டில் எழுந்தது. விரல்கள் இரண்டு கண்ணிலும் மெல்லப் பட்டன.

"...கண்ணில ஒத்துவினம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பெயின்ட் எண்ணெய்ப் பெயின்டோ, தண்ணிப் பெயின்டோ?"

"எண்ணெய்ப் பெயின்ட். பழைய பலகைக்கு அதுதான் பிடிக்கும். கையில பட்டா டெர்பன்டைன் போட்டுத்தான் எடுக்க வேணும். ஆனா கையைப் பாத்துப் பிரயோசனம் இல்லை. இந்தக் கிழமை முழுக்கப் பெயின்டால சீன் திரை கீறினது. எல்லார் விரலிலயும் கறுப்பு இருக்கு."

"கையை ஆர் பாக்கப்போகினம்? கண் இமைக்கு டெர்பன்டைன் போடேலுமோ?"

"குருடாப் போவான்."

"அப்ப அது இன்னும் அங்கதான் இருக்கு," என்றாள் பிளோறன்ஸ்.

வேஷம் கட்டும் அறைக்குள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பழைய சுவர்த்தாளை உரித்தபோது கண்டெடுத்த ஓவியம் ஒன்று எதிர்ச் சுவரில். ஆண்கள் போடும் வால் கோட், உயரத் தொப்பி, ஒட்டிய மீசை. ஆனால் முகம் ஒரு பெண்ணுடையது.

"இவ ஆர்?" என்றாள் பிளோறன்ஸ்.

"லொரேட்டா," என்றாள் பிரபாலினி. "இந்தத் தியேட்டர் இவவின்ர. ஆம்பிளை உடுப்போட பாடுறவ. சுரங்கத்து ஆக்களுக்கு இவவெண்டா உயிர். ஒழுங்கான பொம்பிளை மாதிரி உடுத்திக்கொண்டு வா எண்டு மேலிடத்தில இருந்து உத்தரவு வந்தது. அடுத்த நாள் மீசையையும் ஒட்டிக்கொண்டு ஏறினவ."

"பிறகு?"

"கதவைப் பூட்டிப்போட்டாங்கள். ஆனா அந்த நாள் ஆட்டத்தை ஆடி முடிச்ச பிறகுதான் பூட்ட விட்டவ."

பிளோறன்ஸ் அந்த ஓவியத்துக்கு ஒரு சல்யூட் அடித்தாள். பிறகு வரிசையின் பக்கம் திரும்பினாள்.

"நிஷாந்தன் அண்ணை."

"என்ன பிள்ளை?"

"இந்த அறைக்குள்ள அப்பிடி என்ன வெயில்?"

"அது... எனக்கு..."

"கண்ணாடியைக் கழட்டுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. உங்கட நன்மைக்குத்தான் சொல்றன்."

பிளோறன்ஸ் ஓரடி கிட்டப் போனாள்.

"கழட்டுங்கோ எண்டு சொன்னன்."

நிஷாந்தனின் கை மெல்ல எழுந்தது. கண்ணாடி இறங்கியது...

கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழம்! இமைகள் வீங்கி, ஓரத்தில் பீளை கட்டியிருந்தது. கறுப்பு மட்டும் ஒரு பொட்டும் இல்லை.

"கண்ணோய்," என்றார் நிஷாந்தன் பரிதாபமாக. "முந்தநாள் துவங்கினது. கிட்ட வாற எல்லாருக்கும் தொத்துமாம். வீட்டில இருங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். திறப்பு விழாவுக்கு வராமல் எப்பிடி இருக்கிறது?"

வரிசை முழுவதும் இரண்டடி பின்னுக்குப் போனது. பிளோறன்ஸ் மூன்றடி.

"கல்யாண மண்டபம் வேணும் எண்டு நிண்டவர் எல்லோ நீங்கள்?"

"நிண்டனான்தான். வாக்கெடுப்பில தோத்தாச்சு. தோத்த பிறகு கூரை ஓடு முழுக்க நான்தான் மாத்தினது. கேட்டுப் பாருங்கோ."

"உண்மை," என்றாள் பிரபாலினி, தலையைக் குனிந்தபடி.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அண்ணை. கண்ணாடியைப் போடுங்கோ. கெதியாப் போடுங்கோ."

கேட்டவர்கள் சிரித்தார்கள். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. வரிசையின் கடைசியில் நின்ற ஒருவன் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தான்.

"அப்ப நாங்கள் போகலாமோ?"

"ஓம், போகலாம்," என்றாள் பிளோறன்ஸ். "பிரபாலினி அக்கா, வேஷம் கலைக்க என்ன பூசுறனீங்கள்?"

"தேங்காயெண்ணெய். முகப்பூச்சு, கண் மை எல்லாம் ஒரு துடைப்பில வந்திடும்."

"எல்லாமோ?"

"முகத்துக்குப் போடுற எல்லாம்."

"போத்திலை எடுங்கோ. ரஜிதன் அண்ணை, நீங்கள் மட்டும் நில்லுங்கோ. வேஷத்தைக் கலைக்க வேணும்."

ரஜிதன் சிரிப்பதை நிறுத்தினான்.

"ஏன்? பின்னேரம் திரும்பப் போடத்தானே வேணும்?"

"ஆட்டத்தை விடுவம் எண்டு காலமை நீங்கள்தானே அழுதது? ஆட்டம் இல்லாட்டி வேஷம் ஏன்?"

"பேப்பர்க்காரர்..."

"பேப்பர்க்காரருக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். படம் எடுக்கிறது பின்னேரம், ஆட்டம் துவங்க முதல் எண்டு போன கிழமையே சொன்னவையாம். காலமை ஒருத்தரும் வாறதா இருக்கேல்ல."

ரஜிதன் கதவைப் பார்த்தான். கதவை மறித்து நின்றது நிஷாந்தன். அவருடைய கண்ணோயைத் தாண்டிப் போக எவனுக்குத் துணிவு வரும்!

பிரபாலினி எண்ணெயைப் பஞ்சில் ஊற்றினாள். அவன் முகத்தைத் துடைத்தாள். மஞ்சள் போனது. சிவப்பு போனது. கண்ணைச் சுற்றியிருந்த மை கரைந்து வழிந்தது.

மறுபடி துடைத்தாள். இன்னும் ஒருமுறை.

மை எல்லாம் போன பிறகும்... இரண்டு இமைகளின் நடுவிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு அப்படியே இருந்தது. மினுங்கியது. மேடைப் பலகை மினுங்கியதே, அதே மாதிரி!

பிரபாலினியின் கையிலிருந்து பஞ்சு விழுந்தது.

"நீயோ? அண்ணை உன்னைத் தன்ர தம்பி எண்டெல்லோ சொல்றவர்."

"நான் தள்ள வரேல்ல அக்கா." ரஜிதன் கதிரையில் சரிந்தான். இந்த முறை வந்த கண்ணீர் உண்மையானது. "சத்தியமா அண்ணை அங்க இருப்பார் எண்டு தெரியாது. திரையில கட்டையைச் செருகிப்போட்டுப் போறதுதான் பிளான். பரிசோதனையில ஃபெயில் ஆகும், கட்டிடம் போகும், அவ்வளவுதான். திடீரெண்டு நடு மேடையில ஒரு தலை வருது... ஆரடா எண்டு கேக்குது. பயத்தில தள்ளிப் போட்டன்."

"தள்ளிப் போட்டு ஓடினனீ. அம்புலன்ஸுக்கு ஒரு போன் அடிக்கேல்ல," என்றாள் பிரபாலினி. "ஏன்ரா? என்ன குறை உனக்கு?"

"கட்டப்போற புதுக் கட்டிடத்தின்ர கீழ்த் தட்டில எனக்கு ரெஸ்டோறன்ட் தாறன் எண்டவன். நானும் எத்தினை வருஷம் மற்றவன்ர குசினியில நிக்கிறது?"

"எவன்?" என்றாள் பிளோறன்ஸ்.

ரஜிதன் வாயை மூடிக்கொண்டான்.

"பரவாயில்லை. ஸ்டேஷனில சாப்பாட்டுக்குப் பிறகு கதைப்பம். அங்கத்தைச் சாப்பாட்டைச் சாப்பிட்டா ஆரும் உண்மையைச் சொல்லுவினம்."

விலங்கு பூட்டியபோது அவன் தலையை நிமிர்த்தினான்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"நீங்கள் கெட்ட வேலைக்கு வந்த இடத்திலயும் மேடையைத் தொட்டுக் கும்பிட்டனீங்கள். கும்பிட்டது வீண் போகேல்ல. மேடை காப்பாத்தினதுதான்... உங்களை இல்லை, தன்னை."

மத்தியானம், தடயவியல் ஆட்கள் மரக்கட்டையை உருவி எடுத்துப் பையில் போட்டார்கள். தீயணைப்புப் பரிசோதகர் வந்தார். பிரபாலினி நெம்புகோலை இழுத்தாள். இரும்புத் திரை கடகடவென்று இறங்கி, ஒரு முட்டலும் இல்லாமல் தரையில் பொருந்தியது. பரிசோதகர் தலையாட்டிக் கையொப்பம் வைத்தார்.

அனுமதி கிடைத்தது. மேடை திரும்பி வந்தது. ஈரம் காய வாடகை ஹீட்டர்கள் வந்தன.

மந்திரி வேஷத்துக்கு ஒருவரைத் தேடிப் பிடித்தாயிற்று. ராசாதான் இல்லை.

"ராசாவின்ர பாட்டு முழுக்கப் பாடம் உள்ள ஆள் ஆர்?" என்றார் நிஷாந்தன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். "ரஜிதனுக்குத்தான் தெரியும். அவன் கம்பிக்குப் பின்னால."

"எனக்குத் தெரியும்," என்றாள் பிரபாலினி.

"உமக்கோ?"

"ஒவ்வொரு ஒத்திகையிலயும் அண்ணை மறந்த அடியை எடுத்துக் குடுத்தது ஆர்?"

"பிள்ளை, ராசா வேஷம்... பொம்பிளைக்கு... எங்கட கூத்தில வழக்கம் இல்லையே. சனம் ஏதும் சொல்லும்."

பிரபாலினி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வால் கோட் போட்ட பெண் மீசையோடு அவளைப் பார்த்தாள்.

"சனம் என்னத்தையும் சொல்லட்டும் அண்ணை. இருந்து பாத்துப்போட்டுச் சொல்லட்டும். எனக்கு மீசையை எடுத்துத் தாங்கோ."

மாலை. லொரேட்டாவில் ஒரு கதிரை மிச்சமில்லை.

மத்தளம் முழங்கியது. விளக்கு அணைந்து எரிந்தது. நடு மேடையிலிருந்த சதுரத் துவாரத்துக்குள்ளிருந்து மணிமுடி தெரிந்தது... மீசை தெரிந்தது... ராசா எழுந்தார்! அது பிரபாலினி என்று தெரிந்துகொள்ள சபைக்கு ஒரு கணம் பிடித்தது. தெரிந்ததும் கூரை அதிர்ந்தது. கூரை தாங்கியது. நிஷாந்தன் மாற்றிய ஓடுகள்.

பகைவர் அரண்மனையைச் சுற்றி வளைக்கும் கட்டம் வந்தது. பிரபாலினி வாளை ஊன்றினாள்.

"வாசலை அடைத்தாலும் வழியினை மறித்தாலும்
ஆசனம் விட்டுநான் அசையேன்... அசையேன்..."

மொழி புரியாத ஜெர்மன்காரர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். முன் வரிசையில் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஆட்டம் நின்றுபோவதைப் பார்க்க ஆசையாக டிக்கெட் வாங்கியிருந்த கிறிஸ்ரியன்.

மேடையின் பக்கத்தில் நின்ற பிளோறன்ஸின் போன் அதிர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து. கேட்டாள். புன்னகைத்தாள். ரஜிதன் வாயைத் திறந்துவிட்டானாம். அவன் போனுக்குள் குரல் செய்திகள் இருந்தனவாம். எந்தத் தண்டவாளத்தில் எந்த இடத்தில் கட்டையைச் செருகுவது என்று கிறிஸ்ரியனே விலாவாரியாகப் பாடம் நடத்தியிருந்தானாம்.

இன்னொரு செய்தியும் வந்தது. கமலநாயகியிடமிருந்து. 'கண் முழிச்சிட்டார். தன்ர ராச முடியை ஆருக்குக் குடுத்தது எண்டு கேக்கிறார். பிரபாலினி எண்டன். அவளுக்கு அளவாயிருக்குமோ எண்டார்.'

பிளோறன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டம் முடிந்து மேடையோரம் வந்த பிரபாலினியின் காதில் இரண்டு செய்தியையும் சொன்னாள்.

ஆட்டம் முடிந்தது. பத்திரிகைக் கமெராக்கள் மேடையைச் சுற்றி மின்னின. கமெராவைக் கண்டால் விடுவானா கிறிஸ்ரியன்? முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு பக்கப் படிக்கு வந்தான்.

"வாழ்த்துகள்! தோல்வியை மதிக்கத் தெரிந்தவன் நான். ஒரு படம் எடுத்துக்கொள்வோமா?"

ராசா வாளை நீட்டி மறித்தார்.

"சப்பாத்து," என்றாள் பிரபாலினி ஜெர்மனில். "இந்த மேடைக்கு அதைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும்."

சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கிறிஸ்ரியன் அசடு வழியக் குனிந்தான். மினுங்கும் சப்பாத்து இரண்டையும் கழற்றிப் படியருகில் வைத்தான். மேஸோடு மேடை ஏறினான். இடது பெருவிரல் பக்கம் ஓட்டை!

படம் எடுத்தார்கள். அவன் திரும்பினான். திரும்பியவன் நின்றான்.

கடகடகட...

இரும்புத் திரை இறங்கிக்கொண்டிருந்தது! நெம்புகோலில் பிரபாலினியின் கை. சபை அந்தப் பக்கம், சப்பாத்து அந்தப் பக்கம், கிறிஸ்ரியன் இந்தப் பக்கம்.

"என்ன இது? திரையைத் தூக்குங்கள்!"

"நன்றாக இறங்குகிறது, இல்லையா?" என்றாள் பிரபாலினி மீசையை முறுக்கிக்கொண்டு. "இன்று மதியம்தான் ஒரு மரக்கட்டையை எடுத்தோம். எங்கே செருகியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

அவன் முகம் வெளுத்தது. பின்னால் பிளோறன்ஸ் விலங்கோடு வந்து நின்றாள்.

"என்... என் சப்பாத்து..." என்றான் கிறிஸ்ரியன்.

"விட்டுவிடுங்கள்," என்றாள் பிளோறன்ஸ் சுத்த ஜெர்மனில். "நாங்கள் உங்களை அழைத்துப்போகும் இடத்தில் எப்படியும் லேஸை உருவிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள்!"